மருத்துவர் அறியாத மாத்திரை

வாசகியின் கடிதம்:

என் அம்மாவுக்கு வயது 67. இருமுனை மனநிலைக் கோளாறுக்காக 19 ஆண்டுகளாக லித்தியம் சாப்பிடுகிறார். இத்தனை காலத்தில் ஒரே ஒருமுறைதான் அந்த நோய்க்காக அவரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. இரத்த அழுத்தத்துக்குப் பலதுறை மருந்தகத்தில் தனியாக மருந்து வாங்குகிறார். சென்ற மாதம் முழங்கால் வலி தாங்காமல் எங்கள் புளோக்கின் கீழே உள்ள தனியார் மருந்தகத்துக்குப் போனார். அங்கே இரண்டு வாரத்துக்கு டைக்ளோஃபெனாக் கொடுத்தார்கள். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டபோது பிரஷர் மாத்திரையை மட்டும் சொன்னாராம். லித்தியத்தைச் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார். பத்து நாளில் கை நடுக்கம், வயிற்றுப்போக்கு, பேச்சில் குழறல், நடையில் தள்ளாட்டம் எல்லாம் வந்துவிட்டன. பக்கவாதம் என்று பயந்து ஆம்புலன்சை அழைத்தோம். மருத்துவமனையில் லித்தியம் அளவு 2.1 என்றார்கள். இப்போது வீடு திரும்பிவிட்டார். குறைந்த அளவில் லித்தியத்தை மீண்டும் தொடங்கியிருக்கிறார்கள். "இந்த நஞ்சை இனிக் கொடுக்கவே கூடாது, நிறுத்து, அல்லது வேறு மருந்துக்கு மாற்று" என்று தம்பி பிடிவாதம் பிடிக்கிறான். அம்மாவும் பயந்துபோய் சில நாள்களில் மாத்திரையை ஒளித்துவைக்கிறார்.

எங்களோடு இருக்கும் மாமனாருக்குப் பார்க்கின்சன் நோய். தஞ்சாவூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், நடுக்கத்துக்கு நல்லது என்று பூனைக்காலி விதைப் பொடி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அம்மாவுக்கு நடந்த பிறகு எதைக் கொடுக்கவும் கை வரவில்லை. எனக்கும் உறக்கம் போய்விட்டது. திருச்சியில் இருக்கும் அக்கா தன் தூக்க மாத்திரையில் கொஞ்சம் கொண்டுவருகிறேன் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

— ஒரு வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

மருந்தாளரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் உடனே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது, அதிலிருந்து தொடங்குகிறேன். அம்மா சில நாள்களில் மாத்திரையை ஒளித்துவைக்கிறார் என்றால், அவர் உடலில் இப்போது லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்பதை யாராலும் சொல்ல முடியாது. அடுத்த இரத்தப் பரிசோதனையில் அளவு குறைவாகத் தெரிந்தால், அவர் ஒழுங்காகச் சாப்பிட்டும் போதவில்லை என்று எண்ணி மருத்துவர் மாத்திரையைக் கூட்டக்கூடும். அதன்பின் நீங்கள் அருகிலிருந்து தவறாமல் கொடுக்கத் தொடங்கினால் அளவு மறுபடியும் ஏறிவிடும். ஆகவே அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திராமல், நாளைக் காலையே அவருடைய மனநலச் சிகிச்சைப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்து, எந்தெந்த நாள்களில் மாத்திரை விடுபட்டது என்று உங்களுக்குத் தெரிந்தவரை சொல்லுங்கள். விடுபட்டதை ஈடுகட்டுவதாக எண்ணி இரண்டு வேளை மருந்தைச் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். அம்மாவைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். இவ்வளவு பட்ட பிறகு பயப்படாமல் இருந்தால்தான் வியப்பு.

என்ன நடந்தது என்பதை அவருக்கும் தம்பிக்கும் தெளிவாக விளக்கினால் அந்தப் பயத்தில் பாதி குறையும் என்று நம்புகிறேன். லித்தியம் உடலில் உருமாறுவதில்லை. சிறுநீரகம் ஒன்றின் வழியாகத்தான் அது வெளியேறுகிறது. சிறுநீரகம் லித்தியத்தையும் உப்பிலுள்ள சோடியத்தையும் ஏறக்குறைய ஒரே விதமாகவே கையாள்கிறது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குள் இரத்த ஓட்டத்தைச் சற்றுக் குறைத்துவிடுகின்றன. இளவயதில், வேறு மருந்து எதுவும் சாப்பிடாதவருக்கு, சில நாள்களுக்கு அது பெரிதாகத் தெரியாமல் போகலாம். ஆனால் 67 வயதில், லித்தியம் சாப்பிடும் ஒருவருக்கு, அன்றாடம் வெளியேற வேண்டிய லித்தியத்தில் ஒரு பகுதி உடலிலேயே தங்கி, நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். அளவு ஏறியதும் வயிற்றுப்போக்கு வருகிறது. வயிற்றுப்போக்கால் உடலில் நீரும் உப்பும் குறைகின்றன. அவை குறையும்போது சிறுநீரகம் சோடியத்தை இழந்துவிடாமல் பிடித்துவைக்க முயல்கிறது, அதனுடன் லித்தியத்தையும் பிடித்துவைக்கிறது. இப்படி ஒன்று மற்றொன்றைத் தூண்டிவிட்டதால்தான் பத்தே நாளில் நிலைமை இவ்வளவு மோசமானது. உங்கள் அம்மா விழுங்கிய லித்தியம் மாத்திரையின் எண்ணிக்கை ஒன்றுகூட மாறவில்லை என்பதைத் தம்பி கவனிக்க வேண்டும். 19 ஆண்டுகளாக அவரைக் காத்துவந்த அதே அளவுதான், வேறொரு மாத்திரை குறுக்கிட்டதும் நஞ்சானது.

லித்தியத்துக்கு இந்தக் குணம் இருப்பது புதிய செய்தியன்று. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், இருமுனைக் கோளாறின் அதீத உற்சாக நிலையான மிகைக் கிளர்ச்சியால் அவதிப்பட்டவர்களுக்கு அது பயன்படுகிறது என்று 1949இல் வெளியிட்டார். அதே ஆண்டில் அமெரிக்காவில் உப்பைக் குறைக்க வேண்டிய இருதய நோயாளிகளுக்குச் சமையல் உப்புக்கு மாற்றாக லித்தியம் குளோரைடு விற்கப்பட்டு, அளவு பாராமல் அதை உட்கொண்டவர்களில் சிலர் இறந்தார்கள். அதனால் அந்நாட்டில் அது மருந்தாக ஒப்புதல் பெற 1970 வரை ஆயிற்று. உப்புக் குறைந்த உணவு உண்டவர்கள், இருதயம் பலவீனமானவர்கள், இரத்தத்தில் அளவைப் பார்க்காதவர்கள் என்று எந்த நிலையில் லித்தியம் கொல்லும் என்பதை மருத்துவ உலகம் அப்போதே கற்றுக்கொண்டது. இன்று நாம் செய்யும் பரிசோதனைகள் எல்லாம் அந்தப் பாடத்திலிருந்து வந்தவை. நீண்ட காலம் சாப்பிடுவோருக்குப் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை இருக்குமாறு பார்த்துக்கொள்வார்கள். முதியவர்களுக்கு அதைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதையே பலர் விரும்புவர். 1.5ஐத் தாண்டினால் நச்சு அறிகுறிகளை எதிர்பார்க்க வேண்டும். வேண்டிய அளவுக்கும் வேண்டாத அளவுக்கும் இடையே இவ்வளவு குறுகிய இடைவெளி உள்ள மருந்துகள் அதிகமில்லை.

இந்த எண் சரியாகக் கிடைக்க வேண்டுமானால் கடைசி வேளை மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். அம்மா இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டால் காலை ஒன்பது மணிக்கு. காலையில் மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றால் கிடைக்கும் எண் பொய்யாக உயர்ந்து தெரியும். அளவை மாற்றினாலும், குறுக்கிடக்கூடிய வேறு மருந்தைத் தொடங்கினாலும் நிறுத்தினாலும், ஏறத்தாழ ஒரு வாரத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும். எல்லாம் நிலையாக இருக்கும் காலத்திலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். கடைசியாக இவை எப்போது பார்க்கப்பட்டன என்று அடுத்த முறை கேட்டு, தேதியுடன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, தம்பியின் கேள்வி. லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால், முன்பிருந்த நோய் மீண்டும் வரும் வாய்ப்பு, மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்துவதைவிட அதிகம். அதிலும் மிகைக் கிளர்ச்சி நிலை சில வாரங்களிலேயே திரும்பக்கூடும். நிறுத்துவதென்று மருத்துவரும் அம்மாவும் சேர்ந்து முடிவெடுத்தாலும் குறைந்தது நான்கு வாரம், இயன்றால் மூன்று மாதம் வரை எடுத்துக்கொண்டு படிப்படியாகக் குறைப்பார்கள். நச்சுநிலையில் மருத்துவமனை அதை உடனே நிறுத்தியது வேறு; அங்கே இரவும் பகலும் கண்காணிப்பு இருந்தது. இன்னொன்றையும் தம்பியிடம் சொல்லுங்கள்: மனநிலையைச் சமன்படுத்தும் மருந்துகளுள், தற்கொலை அபாயத்தைக் குறைப்பதற்கு நீண்டகாலச் சான்று லித்தியத்துக்குத்தான் வலுவாக இருக்கிறது. 19 ஆண்டில் ஒரே ஒருமுறை மருத்துவமனை என்பது இந்த நோயில் சாதாரணமாகக் கிடைக்கும் பலன் அன்று.

வேறு மருந்துக்கு மாற்றுவதை மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் அவரே அதை முன்வைக்கக்கூடும். ஆனால் மாற்று மருந்து ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நிபந்தனையுடன்தான் வருகிறது. கார்பமஸபின் என்பதை எடுத்துக்கொள்வோம். வலிப்புக்கும், முகநரம்பு வலிக்கும், சில வேளைகளில் இருமுனைக் கோளாறுக்கும் தரப்படும் மருந்து அது. எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அது தோலையும் வாய், கண் சவ்வுகளையும் உரித்தெடுக்கும் கொடிய ஒவ்வாமையை உண்டாக்கலாம்; உயிரையும் பறிக்கலாம். அந்த மரபணு வகை ஐரோப்பியரிடம் அரிது. சீனர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் கணிசமாகக் காணப்படுகிறது. நம்மவரிடம் அவர்களைவிடக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. அதனால் ஆசிய வம்சாவளியினர் எவரும் இந்த மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் மரபணுப் பரிசோதனை செய்வதை வழக்கமான நடைமுறையாக்குமாறு 2013இல் சுகாதார அமைச்சும் சுகாதார அறிவியல் ஆணையமும் மருத்துவர்களுக்குப் பரிந்துரைத்தன. இங்கே முறைப்படி தொடங்கினால் இந்தப் பரிசோதனை நடக்கும். ஊரிலிருந்து வாங்கிவந்து தொடங்கினால் நடக்காது. மேலும் கார்பமஸபின், கல்லீரல் பிற மருந்துகளைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டிவிடும். அம்லோடிபின் போன்ற இரத்த அழுத்த மாத்திரையின் பயன்கூட அதனால் குறையலாம். வால்புரோயேட் உங்கள் அம்மாவின் வயதில் பொருந்தக்கூடியதே. ஆனால் இதை வாசிக்கும் இளம்பெண்களும் அவர்களின் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும்: கருவுற்ற காலத்தில் அதைச் சாப்பிட்டால் பத்தில் ஒரு குழந்தை அளவுக்குப் பிறவிக் குறைபாடும், பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சி, கற்றல் சார்ந்த பாதிப்பும் ஏற்படும் என்று கண்டிருக்கிறார்கள். அதற்காக அதையும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. கருத்தரிக்கத் திட்டமிடும் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும்.

ஆக, என் கருத்தில் உங்கள் வீட்டில் நடந்ததற்குக் காரணம் லித்தியம் அன்று. லித்தியம் அந்த மருத்துவருக்குத் தெரியாமல் போனதுதான். சிங்கப்பூரில் தனியார் மருந்தகங்களில் மருத்துவரே பார்த்து, மருந்தையும் அங்கேயே கொடுத்துவிடுகிறார்கள். நமக்கு அது பெரிய வசதி. ஆனால் மருத்துவமனையில் ஒரு மருந்துச்சீட்டை மருத்துவர் எழுதிய பிறகு மருந்தாளர் ஒருவர் பழைய மருந்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த இரண்டாவது பார்வை பெரும்பாலான சிறு மருந்தகங்களில் இல்லை. தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவேடு 2011 முதல் இயங்கிவருகிறது. பொது மருத்துவமனைகளும் பலதுறை மருந்தகங்களும் அதில் பதிகின்றன. இருந்தாலும் எல்லா மருந்தகங்களிலும் கொடுக்கப்பட்ட எல்லாமே அதில் இருக்கும் என்றோ, நெரிசலான மாலை வேளையில் ஒவ்வொருவர் பதிவையும் மருத்துவர் திறந்து பார்த்திருப்பார் என்றோ நம்பியிருக்கக் கூடாது. அவர் கேள்வி கேட்டிருக்கிறார். பதிலில்தான் லித்தியம் விடுபட்டது.

அம்மாவின் கூச்சத்தை நான் குறை சொல்லவில்லை. நீரிழிவு மாத்திரையை மேசைமேல் வைத்திருக்கும் நம் குடும்பங்கள் மனநல மாத்திரையை அலமாரிக்குள் வைத்திருக்கின்றன. புளோக்கின் கீழே உள்ள மருந்தகத்தில் பதிவுமேசையில் இருப்பவர் நம் மாடியிலேயே குடியிருப்பவராகக்கூட இருக்கலாம். அம்மாவிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. நோயின் பெயரை எவரிடமும் சொல்ல விருப்பமில்லையென்றால் சொல்ல வேண்டாம்; மருந்தின் பெயரைச் சொல்லுங்கள், அதையும் வாயால் சொல்ல வேண்டியதில்லை, ஒரு தாளில் எழுதி மருத்துவரின் அறைக்குள் சென்ற பிறகு அவரிடம் நீட்டினால் போதும். லித்தியம் என்ற ஒற்றைச் சொல்லைக் கண்டால் எந்த மருத்துவரும் டைக்ளோஃபெனாக் எழுதத் தயங்குவார். முழங்காலுக்குப் பாரசிட்டமால், இயன்முறை மருத்துவம், மேற்பூச்சு என்று வேறு வழி பார்ப்பார்.

அம்மா தவிர்க்க வேண்டியவற்றை இங்கே சொல்லிவிடுகிறேன். டைக்ளோஃபெனாக் மட்டுமன்று, ஐபுபுரோஃபன், நாப்ராக்சன், மெஃபனமிக் அமிலம், இங்கே மூட்டுவலிக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் எட்டோரிகாக்சிப் ஆகிய எல்லாமே லித்தியத்தை ஏற்றக்கூடியவை. ஐபுபுரோஃபன் மருந்துக்கடையிலும் கிடைக்கும் என்பதால் காய்ச்சலுக்கும் பல்வலிக்கும் அவசரத்தில் வாங்கிவிடுவார்கள். அங்கேயும் அந்தத் தாளைக் காட்டுங்கள். பிரஷர் மாத்திரை எது என்று நீங்கள் எழுதவில்லை. அது நீர் பிரியச் செய்யும் வகையாக, அதாவது ஹைட்ரோகுளோரோதயாசைடு, இன்டாபமைடு போன்றதாக இருந்தாலோ, எனலாபிரில், லோசார்டன் போன்றதாக இருந்தாலோ அதுவும் லித்தியத்தை ஏற்றும். அவ்வகை மருந்துகளை லித்தியத்தோடு சேர்த்துக் கொடுப்பது உண்டு. ஆனால் இருதரப்பு மருத்துவர்களும் அறிந்து, அளவைச் சரிசெய்து, இரத்தத்தைப் பார்த்தபடி கொடுப்பார்கள். பலதுறை மருந்தகத்துக்கு இந்த விவரம் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். பிரஷர் மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

உணவில் உப்பைத் திடீரென வெகுவாகக் குறைப்பதும், சமையல் உப்பை ஒரே நாளில் சோடியம் குறைந்த உப்புக்கு மாற்றுவதும் லித்தியத்தைப் பாதிக்கும். மாற்ற விரும்பினால் முன்கூட்டியே சொல்லி, ஒரு வாரத்தில் அளவைப் பாருங்கள். விரதத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்வரை வெயிலில் பால்குடம் சுமந்து நடப்பதும், சஷ்டிக்குத் தண்ணீர்கூட அருந்தாமல் இருப்பதும் உடலின் நீரைக் குறைக்கும். லித்தியம் சாப்பிடுபவர் பக்தியைக் கைவிட வேண்டியதில்லை. தண்ணீர் அருந்தாத விரதத்தை மட்டும் தவிர்க்க வேண்டும், எந்த விரதத்தையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே மேற்கொள்ள வேண்டும். அந்த நாள்களில் மாத்திரையைத் தாமாக விட்டுவிடுவதும் கூடாது. ஊருக்குப் போகும்போது பயண நாள்களுக்கும் மேல் ஒரு வாரத்துக்கான மாத்திரையை இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள். லித்தியத்தில் மெதுவாகக் கரையும் வகை, உடனே கரையும் வகை என்று உண்டு. அங்கே வேறு நிறுவனத்தின் மாத்திரையை வாங்கினால், பெட்டியில் மில்லிகிராம் ஒன்றாகவே இருந்தாலும், இரத்தத்தில் சேரும் அளவு மாறிவிடலாம்.

மாமனாரின் பூனைக்காலிப் பொடிக்கு வருகிறேன். உறவினர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. உடல் அசைவுக்கு மூளைக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளாக மாறும் லெவோடோபா, பூனைக்காலி விதையில் இயற்கையாகவே இருக்கிறது. மருத்துவமனையில் அவருக்குக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பதும் பெரும்பாலும் அதே லெவோடோபாதான். அதனாலேயே நான் அச்சப்படுகிறேன். அவருக்கு எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்று நரம்பியல் மருத்துவர் பலமுறை மாற்றிப் பார்த்து ஓர் அளவுக்கு வந்திருப்பார். பொடியிலோ ஒரு கரண்டியில் எவ்வளவு லெவோடோபா இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. விதைக்கு விதை, பொட்டலத்துக்குப் பொட்டலம் அது மாறும். அளவு கூடினால் கைகால்கள் தாமாக நெளியும். எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சரிந்து கீழே விழுவார். இல்லாத மனிதர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். அந்த மாயத்தோற்றத்தைப் புதிய மனநோய் என்று எண்ணி, பொடியைப் பற்றி அறியாத வேறொரு மருத்துவர் ஹலோபெரிடால் போன்ற மருந்தைக் கொடுத்தால், அது மூளையில் டோபமைனைத் தடுத்து, உடலை மரக்கட்டைபோல் இறுகச் செய்துவிடும். பொடியைக் கொடுக்காதீர்கள், அதே நேரத்தில் அதைத் தூக்கி எறிந்துவிட்டு மறந்துவிடவும் வேண்டாம். அவர் ஏற்கெனவே சில நாள் சாப்பிட்டிருந்தால் அதையும், பொட்டலத்தையும் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். சித்த மருத்துவத்தின்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஒரே மருந்தை இரண்டு பேர் ஒருவரையொருவர் அறியாமல் கொடுப்பதைத்தான் மறுக்கிறேன்.

பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வேறொரு பக்கத்திலிருந்தும் ஆபத்து வருகிறது. தலைசுற்றல், வாந்தி என்று அருகிலுள்ள மருந்தகத்துக்குப் போனால் கிடைக்கக்கூடிய மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின், சின்னரிசின் ஆகிய மூன்றும் டோபமைனைத் தடுக்கும் தன்மை உடையவை. நடுக்கத்தையும் இறுக்கத்தையும் அதிகமாக்குபவை. சின்னரிசினை மாதக்கணக்கில் சாப்பிட்ட முதியவர்களுக்குப் பார்க்கின்சனைப் போன்ற நடுக்கமே புதிதாக வந்து, அதற்கும் ஒரு மருந்து தொடங்கப்படுவது உண்டு. மருந்தின் விளைவை நோயென்று எண்ணி அடுத்த மருந்தைச் சேர்ப்பது முதியோர் மருத்துவத்தில் நாங்கள் மிகவும் கவனிக்கும் ஒன்று. வாந்திக்குத் தேவைப்பட்டால், மூளைக்குள் அதிகம் செல்லாத டொம்பெரிடோனை மருத்துவர் தேர்ந்தெடுக்கலாம். இருதயத் துடிப்பில் கோளாறு உள்ளவருக்கு அதிலும் எச்சரிக்கை தேவை. இரும்புச் சத்து மாத்திரையை லெவோடோபாவோடு சேர்த்துக் கொடுத்தால் லெவோடோபா சரியாக உறிஞ்சப்படாது; இடைவெளி விடுங்கள். அவர் எதற்காகவேனும் மருத்துவமனையில் சேர்ந்தால் மாத்திரை நேரங்களைத் தாதியிடம் எழுதிக் கொடுங்கள். லெவோடோபா ஒரு மணி நேரம் தாமதமானாலே சிலருக்கு எழுந்து உட்காரவும் முடியாமல் போகும், திடீரென அடியோடு நின்றுபோனால் கடுங்காய்ச்சலும் தசை இறுக்கமுமாக உயிருக்கே ஆபத்தாகலாம்.

இப்போது அந்தத் தாளைப் பற்றி. இருவருக்கும் தனித்தனியே எழுதுங்கள், ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஆம்புலன்ஸ் ஊழியரும், உங்கள் வீட்டில் இருந்தால் பணிப்பெண்ணும் அதைப் படிக்க வேண்டும். பெட்டியில் பெரிதாக இருக்கும் வணிகப் பெயரை மட்டும் எழுதாமல், அதன்கீழ் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர், மில்லிகிராம், நேரம், எதற்காக, எந்த மருத்துவமனையில் கொடுத்தார்கள் என்பதை எழுதுங்கள். நாட்டு மருந்து, சத்து மாத்திரை, மாதம் ஒருமுறை போடும் ஊசி, பூசும் தைலம் எல்லாம் அதில் இடம்பெற வேண்டும். ஊசியை மாத்திரை அல்ல என்பதால் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தாளின் மேலே பெரிதாக, அம்மாவுக்கு "லித்தியம் — டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபன் கொடுக்க வேண்டாம்" என்றும், மாமனாருக்கு "பார்க்கின்சன் — மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின், ஹலோபெரிடால் கொடுக்க வேண்டாம்" என்றும் எழுதுங்கள். அதைப் படமெடுத்து உங்கள் கைப்பேசியிலும் தம்பியின் கைப்பேசியிலும் வைத்திருங்கள். ஹெல்த்ஹப் செயலியில் பொது மருத்துவமனை மருந்துகளின் விவரம் தெரியும். தாளைச் சரிபார்க்க அது உதவும், தாளுக்கு மாற்றாகாது. ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் இருவரும் இன்னும் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளவில்லை என்றால் பதிந்துகொள்ளுங்கள். முழங்கால் வலிக்கு ஒரு மருந்தகம், சளிக்கு வேறொன்று என்று போவதை நிறுத்தி, எல்லாவற்றையும் அறிந்த ஒரே மருத்துவரிடம் போவது அம்மாவைப் போன்றவர்களுக்கு எந்தப் புதிய மருந்தையும்விடப் பெரிய பாதுகாப்பு.

மாத்திரையை ஒளித்துவைப்பதற்கு, தம்பியும் உடனிருக்க, மருத்துவரிடம் ஒருமுறை பேசுவதே வழி. அம்மா தன் பயத்தைத் தன் வாயாலேயே சொல்லட்டும். மறுபடியும் அளவு ஏறாது என்பதற்கு என்ன ஏற்பாடு என்று அவரே கேட்கட்டும். அடுத்த பரிசோதனை எந்தத் தேதியில் என்று அவர் கையில் இருக்கும்போது மாத்திரையை விழுங்கும் துணிவு வரும். அதன் பிறகும் அவர் வேண்டாம் என்றால் அது அவருடைய முடிவு. ஆனால் அப்போது மருத்துவர் வகுத்த முறைப்படி குறைக்கப்படும், தலையணைக்கு அடியில் மறைந்துபோகாது. உணவில் கலந்து அவருக்குத் தெரியாமல் கொடுக்கும் எண்ணம் யாருக்கேனும் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

கடைசியாக உங்கள் உறக்கம். அக்காவின் மாத்திரை வேண்டாம். அது அவருக்கென எழுதப்பட்டது. தமக்கான மருந்தை மட்டுமே ஒருவர் இங்கே கொண்டுவரலாம், அதிலும் பல தூக்க மருந்துகளுக்கு, அளவைப் பொறுத்து, சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன்அனுமதி வேண்டியிருக்கும். இந்தியாவில் மனச்சோர்வு மருந்தான எஸ்சிட்டலோபிராமும் உறக்கத்தைத் தூண்டும் குளோனசிபாமும் ஒரே மாத்திரையில் சேர்ந்தே விற்கப்படுகின்றன. தூக்க மாத்திரை என்று எண்ணி நீங்கள் எதைச் சாப்பிடுகிறீர்கள் என்பதே தெரியாமல் போகலாம். குளோனசிபாம் வகை மருந்துகளுக்கு உடல் சில வாரங்களிலேயே பழகிவிடும். சுகாதார அமைச்சின் வழிகாட்டலும் மொத்தத்தில் எட்டு வாரத்துக்கு மேல் அவை தேவைப்படுவோரை நிபுணரிடம் அனுப்பச் சொல்கிறது. இரண்டு நோயாளிகளைக் கவனித்துக்கொண்டு, ஒரு பெரிய அச்சத்தையும் கடந்து வந்திருக்கிறீர்கள். உங்கள் உறக்கமின்மைக்கு முதல் மருந்து வாரத்தில் இரண்டு மூன்று இரவாவது தம்பி பொறுப்பேற்பதுதான் என்பது என் எண்ணம். அதற்குப் பிறகும் நீடித்தால் உங்கள் குடும்ப மருத்துவரிடம் உங்களுக்காகவே ஒரு சந்திப்பு எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் மனம் தாங்காவிட்டால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். அம்மாவின் மனநிலை திடீரென மாறி, உறங்காமல் மிகையாகப் பேசவோ, உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றிப் பேசவோ தொடங்கினால் மனநலக் கழகத்தின் 6389 2222 என்ற எண்ணும் 24 மணி நேரமும் இயங்குகிறது; உயிருக்கு உடனடி ஆபத்து என்று பட்டால் 995ஐ அழையுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, கை பெரிதாக நடுங்குவது, பேச்சுக் குழறல், தள்ளாட்டம் ஆகியவற்றில் எது மறுபடி தென்பட்டாலும் அடுத்த வேளை லித்தியத்தைக் கொடுக்காமல் மருத்துவரை உடனே தொடர்புகொள்ளுங்கள். குழறலோ தள்ளாட்டமோ குழப்பமோ இருந்தால் காத்திராமல் 995ஐ அழைத்து, வருபவரிடம் அந்தத் தாளையும் மாத்திரைப் பொட்டலங்கள் அனைத்தையும் கொடுத்துவிடுங்கள்.